மார்பகப் புற்றுநோயை முன்னறியும் முறை: அதன் வரலாறு



நம் சங்கத்தின் திங்கள் வெளியீட்டில் யான் இதுகாறும் எழுதியவை பெரும்பாலும் கல்வெட்டும் கோயிலும் பழைய நூல்களும் பற்றியன. இத்திங்கள் எழுதப் புகுந்தது ஒரு நோயைப் பற்றிய வரலாறு. நோயின் வரலாறு என்பதினும், அந்நோய் முற்றுமுன் அதனைக் கண்டுகொள்ள மக்கள் முயன்ற முயற்சியின் வரலாறு என்பதே பொருந்தும். மருத்துவம் பயிலாத தமிழாசிரியன் ஒருவன் இதனை எழுதலாமோ என்று சிலர் வினவுவர். எனக்கு இதில் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று உண்டு. அது யாதென்பதை இடையிற் சொல்வேன்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது. நம் பெண்மக்கள் மார்பில் ஒரு கட்டி தோன்றினால் அதனை வாய்விட்டுச் சொல்ல நாணுகின்றனர். "இங்கே ஒரு மாதிரியாய் இருக்கிறது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்நாணம் தமிழ்மொழி தந்ததன்று. பண்டைச் சான்றோர் முலை என்னுஞ் சொல்லை யாதொரு கூச்சமுமின்றித் தாயன்புக்கும் மறக்குடி மகளிர் வஞ்சினத்துக்கும் ஆண்டனர். கண்ணகியார் எதனைத் திருகி எறிந்து மதுரையை எரியூட்டினார் என்பதை ஆண்டுதோறும் வகுப்பறையிற் பாடஞ் சொல்பவன் யான். நகில், கொங்கை என நூல்களில் இத்துணைப் பெயர்களையுடைய மொழியைப் பேசுவோர், வீட்டில் ஒரு பெயரும் அகப்படாது தவிப்பது வியப்பே. புற்று என்னும் பெயரும் கருதத்தக்கது. வெளியே சிறிது தெரிந்து உள்ளே அறையறையாய்ப் படரும் கறையான் புற்றை நினைந்து அப்பெயர் இட்டனர் போலும். கிரேக்கர் அதனை நண்டு என்றனர். நாற்புறமும் கால்நீட்டிப் பற்றுவது அவர் கண்ணிற் பட்டது.

இந்நோய் புதியதன்று. எகிப்து நாட்டின் மிகப் பழைய மருத்துவச் சுருள் ஒன்று மார்பில் எழும் கட்டிகளை விவரித்து, இதற்கு மருத்துவம் இல்லை என்று முடிக்கின்றது. பல நூற்றாண்டுகள் வரை உலகம் அறிந்தது அவ்வளவே. ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னி என்னும் அம்மையார்க்கு 1810-ஆம் ஆண்டு மார்பில் நோவு தோன்றிற்று. கணவர் வற்புறுத்தியும் மருத்துவரிடம் செல்ல மனமின்றி நாட்களைக் கடத்தினார். 1811 செப்டம்பரில் பாரிசு நகரத்தில், நெப்போலியன் படையின் பெயர்பெற்ற மருத்துவர் லாரே முதலியோர் அவர் வலமார்பை அறுத்து நீக்கினர். மயக்க மருந்து அக்காலத்து இல்லை. அது வழக்கிற்கு வந்தது 1846-க்குப் பின்னரே. விழித்திருந்தபடியே அவ்வறுவையைத் தாங்கிய அம்மையார், பின்னர்த் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் அதனை விவரமாக வரைந்துள்ளார். 1840 வரை வாழ்ந்தார். படிப்போர் உள்ளத்தைக் கலக்கும் அக்கடிதத்தில் என் உள்ளத்தைத் தைத்தது கத்தியன்று. மருத்துவரிடம் செல்ல மறுத்த அத்தயக்கமே. நூறாயிரம் நூல் எழுதினும் அப்பகுதி மாறுவதில்லை.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1882-ஆம் ஆண்டளவில் மார்பையும் அதன் அடித்தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் ஒருங்கே களையும் பேரறுவையைத் தொடங்கினார். அது முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் ஆட்சி செலுத்திற்று. எத்துணை ஆழமாக அறுக்கின்றோமோ அத்துணை நோய் நீங்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. பெர்னார்டு ஃபிஷர் என்பார் அமெரிக்காவிலும் வெரோனேசி என்பார் இத்தாலியிலும் நடத்திய பெருஞ் சோதனைகள் 1980-களில் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. சிறிதாய் இருக்கும்போதே கண்ட கட்டிக்குச் சிறிய அறுவையும் கதிர்மருத்துவமுமே போதும் என்பது தெளிந்தது. அஃதாவது, கத்தியின் ஆழத்தினும் காலத்தின் முன்மையே பெரிது. அப்பொழுது எழுந்த வினா, எங்ஙனம் முன்னறிவது என்பது.

விடை இருவழியில் வந்தது. ஒன்று படம், மற்றொன்று கை. படத்தின் கதை முதலில்.

ரான்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டனர். 1913-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சலமோன், அறுத்தெடுத்த ஏறக்குறைய 3000 மார்பகங்களைக் கதிர்ப்படம் பிடித்து ஆராய்ந்தார். படத்தில் நோய் ஓர் அடையாளம் இடுகின்றது என்பதையும், சில கட்டிகளில் மணற்பொடி போன்ற சுண்ணாம்புத் துகள்கள் தோன்றுவதையும் அவர் கண்டார். ஆயினும் உயிருள்ள பெண்ணிடம் அம்முறையை அவர் கையாளவில்லை. பின்னர் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதராகிய சலமோன் பதவி இழந்து சிறைப்பட்டு, நாடு துறந்து ஹாலந்துக்குத் தப்பினார். அவர் மகள் சார்லட் ஓர் ஓவியர்; 1943-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாய்க்கப்பட்டார். கோடிக்கணக்கான மகளிர்க்குப் பயன்பட்ட ஒரு வழியை முதலிற் காட்டியவர் தம் மகளைக் காக்க வழியின்றி நின்றார். இது நம் பொருளுக்குப் புறம்பேயாயினும் சொல்லாது செல்ல மனம் வரவில்லை.

தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன் 1949-ஆம் ஆண்டில், மார்பை இரு தட்டுகளிடையே அழுத்திப் படமெடுத்தால் தெளிவு மிகும் என்று காட்டினார். இன்றும் மேமோகிராம் எடுக்கும் பெண்மக்கள் முகஞ்சுளிக்கும் அவ்வழுத்தம் அவர் வகுத்ததே. அழுத்தத்தால் கதிரின் அளவும் குறையும். ஹூஸ்டன் நகரத்து ராபர்ட் ஈகன் என்பார் 1960-இல் எங்கும் கையாளத்தக்க ஒழுங்கான முறையை வெளியிட்டார். 1960-களின் நடுவில் பிரான்சு நாட்டில் மார்பகத்துக்கென்றே தனிப்பொறி செய்யப்பட்டது.

படம் எடுக்கலாம், எடுத்தால் உயிர் பிழைக்குமா? இவ்வினாவுக்கு விடைகாண நியூயார்க்கில் 1963 டிசம்பரில் ஒரு பெருஞ் சோதனை தொடங்கிற்று. ஷாபிரோ, ஸ்டிராக்ஸ், வெனெட் என்னும் மூவர் அதனை நடத்தினர். ஸ்டிராக்ஸின் மனைவியார் இளவயதில் இந்நோயால் இறந்தவர். நாற்பது முதல் அறுபத்துநான்கு வயது வரையுள்ள ஏறக்குறைய 62,000 மகளிரை இரு பாலாக்கி, ஒரு பாலாரை ஆண்டுதோறும் படத்தினாலும் மருத்துவர் கையாலும் தேர்ந்தனர். பத்தாண்டளவில் அவர்களுள் இந்நோயால் இறந்தோர் தொகை மற்றைப் பாலாரினும் முப்பது விழுக்காட்டளவு குறைந்தது. மேலைநாடுகளின் தேர்வுத் திட்டங்களுக்கெல்லாம் இச்சோதனையே அடிப்படை. ஆயினும் அதன் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. அத்தேர்வில் அகப்பட்ட புற்றுகளுள், படத்திற் காணாது கையால் மட்டுமே கண்டவை, கைக்கு அகப்படாது படத்தில் மட்டுமே கண்டவற்றினும் மிகுதி. அக்காலத்துப் படம் தெளிவு குறைந்தது என்பது ஒரு காரணம். எனினும் கை வென்றது என்பது மறைக்கற்பாலதன்று.

கனடா நாட்டில் 1980-இல் தொடங்கிய சோதனை இதனை இன்னும் கூர்மையாக்கிற்று. ஐம்பது முதல் ஐம்பத்தொன்பது வயது மகளிருள் ஒரு பாலார்க்குக் கைத்தேர்வும் படமும். மற்றைப் பாலார்க்குக் கவனமான கைத்தேர்வு மட்டும். இருபத்தைந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இருசாரார் இறப்பிலும் வேறுபாடு இல்லை. சுவீடன் தேயத்துச் சோதனைகளோ படத்தின் பயனை வலியுறுத்தின. கனடாச் சோதனையின் முறையைக் குறைகூறுவோரும் பலர் உளர். அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. படத்தை யான் இகழ்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. ஐம்பது கடந்த மகளிர்க்கு அது கைக்கு எட்டாத சிறு கட்டியைக் காட்ட வல்லது. ஆயின் இளவயதினர் மார்பகம் நெருங்கிய திசு உடையது. படத்தில் வெண்மையாய்த் தோன்றும். கட்டியும் வெண்மையே. வெண்பஞ்சுக் குவியலில் வெண்முத்தைத் தேடுவது போன்றதாம். நம் நாட்டிலோ இந்நோய் மேலைநாட்டினும் இளவயதில், நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும், மிகுதியாய் வருகின்றது. ஆதலின் அவர்கள் அளவுகோலை அப்படியே கொணர்ந்து இங்கு நாட்டுதல் பொருந்தாது.

நிற்க. நம் சென்னைக்கு வருவோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நம்மவர் அறிவர். புதுக்கோட்டையிற் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, சட்டசபையில் பெண்கட்காக வாதாடியவர். தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று மாண்டதைக் கண்ணெதிரே கண்டவர். அன்று முதல் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்பது அவர் தவமாயிற்று. அந்நோய் வந்தோர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கு மருத்துவமனை எற்றுக்கு என்று அதிகாரத்திலிருந்தோர் கேட்டனர் எனச் சாந்தா அம்மையார் பிற்காலத்திற் சொல்வதுண்டு. 1952-இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். சாந்தா அம்மையார் மணம் புரியாது அந்நிலையத்து வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரி 19-ஆம் நாள் மறைந்தார்.

அந்நிலையத்தார் முதன்முதல் எதிர்நின்ற இடர் யாதெனின், வந்த பெண்களுள் மிகப்பலர் நோய் முற்றியபின் வந்தமையே. கட்டி தோலைத் துளைத்துப் புண்ணான பின்னர், வெற்றிலைச் சாறும் மந்திரித்த தாயத்தும் பயன்படாமற் போன பின்னர் வந்தனர். அத்தகையார்க்கும் அறுவைக்கு முன்னரே மருந்தும் கதிரும் கூட்டிக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் முறையை அவர்கள் வளர்த்தனர். அஃது அருஞ்செயலே. எனினும் ஒரு திங்களில் முடியவேண்டியதை ஓராண்டு போராடி முடிக்கும் அருஞ்செயல் அன்றோ!

1981-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னைப் பதிவேடு அடையாற்று நிலையத்தார் பொறுப்பில் அமைந்தது. அப்பதிவேடு தொடங்கிய நாளில் சென்னை மகளிரிடையே முதலிடம் பெற்றது கருப்பைவாய்ப் புற்று. பின்னர் அது குறைந்துகொண்டே வர, மார்பகப் புற்று ஏறி முதலிடத்தில் அமர்ந்தது. நாடு முழுவதற்கும் 2022-ஆம் ஆண்டிற்கு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் கணித்த தொகை, புதிதாய் நோயுற்றோர் ஏறக்குறைய 1,92,000. இறந்தோர் ஏறக்குறைய 98,000. இருவர்க்கு நோய் கண்டால் ஒருவர் இறந்தார் என்னும் அளவு. மேலைநாடுகளில் இவ்விகிதம் இத்துணைக் கொடிதன்று. மருந்து அங்கும் இங்கும் ஏறக்குறைய ஒன்றே. மருந்தைத் தேடிவரும் நாளே வேறு.

இனி என் கடன்.

என் தமக்கையார் எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவர். எங்கள் தாயார் வேலைக்குச் சென்றமையால் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர்க்கு 2011-ஆம் ஆண்டு தைத் திங்களில் இடமார்பில் நெல்லிக்காயளவு ஒரு கட்டி தோன்றிற்று. வலி இல்லை. மாசியில் என் மனைவியிடம் சொன்னார். அவள் என்னிடம் சொன்னாள். அவர் மகளுக்கு வைகாசியில் திருமணம் நிச்சயித்திருந்தது. யான் அம்பத்தூரில் அவர் வீட்டிற்குச் சென்று வினவினேன். "தம்பி, கல்யாணம் முடியட்டும். இப்போது ஆஸ்பத்திரி, புற்று என்று வெளியே தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? பெண்ணுக்கும் வரும் என்பார்களே" என்றார். தாய்மாமனாகிய யான் அங்கே சொல்லவேண்டிய சொல் ஒன்று இருந்தது. சொல்லவில்லை. "அப்படியே ஆகட்டும் அக்கா" என்றேன். சீர்வரிசைக்குப் பொன் வாங்கும் கணக்கைப் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

திருமணம் சிறப்பாய் நடந்தது. ஆடிச்சீரும் முடிந்தது. ஆவணியில் மருத்துவரிடம் சென்றபோது கட்டி தோலோடு ஒட்டியிருந்தது; அக்குளிலும் முடிச்சுகள் இருந்தன; எலும்பிலும் நோய் பரவியிருந்தது படத்திற் கண்டது. 2013 கார்த்திகையில் மறைந்தார். ஆறு திங்கள் முந்தியிருப்பின் பிழைத்திருப்பாரோ என்பதை எம்மருத்துவரும் உறுதியாய்ச் சொல்லார். யான் வினவவும் துணியவில்லை.

இவ்வரலாற்றை யான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. படித்தவற்றுள் என்னை மிகுதியும் ஈர்த்தது பம்பாயில் நடந்த ஒரு சோதனை. டாட்டா நினைவு மருத்துவமனையார், டாக்டர் இந்திரநீல் மித்ரா முதலானோர், 1998-இல் அதனைத் தொடங்கினர். பம்பாயின் எளிய குடியிருப்புகளில் வாழும், முப்பத்தைந்து முதல் அறுபத்துநான்கு வயதுவரையுள்ள 1,51,538 மகளிர் இருபாலாக வகுக்கப்பட்டனர். ஒரு பாலார் வீட்டுக்கு அருகிலேயே, ஈராண்டுக்கு ஒருமுறை நான்கு தடவை, மார்பைக் கையால் தேர்ந்தனர். தேர்ந்தவர் மருத்துவர் அல்லர். இதற்கென்றே பயிற்சி பெற்ற பெண் ஊழியர். பொறியும் இல்லை, கதிரும் இல்லை. இருபதாண்டு கழித்து, 2021-இல் முடிபு வெளிவந்தது. முற்றிய நிலையில் அகப்பட்டோர் தேர்வு பெறாதாருள் நூற்றுக்கு 47. தேர்வு பெற்றாருள் 37. இறப்பைப் பொறுத்தவரை, ஐம்பதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையாரிடம் முப்பது விழுக்காட்டளவு குறைந்தது. எல்லா வயதினரையும் கூட்டிப் பார்த்தால் பதினைந்து விழுக்காட்டளவு குறைவு. ஆயினும் அது தற்செயலாயும் நேரலாம் என்று அவர்களே ஒளியாது எழுதினர். ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டாரிடம் இறப்புக் குறைந்ததாகக் காணவில்லை. நல்லதையும் அல்லாததையும் ஒருங்கே கூறிய அந்நேர்மையே அம்முடிபை நம்பச் செய்கின்றது.

பயிற்சி பெற்ற கை வேறு, பெண் தானே தன்னைத் தேர்தல் வேறு. சீன தேயத்து ஷாங்காய் நகரத்தில், நெசவாலைகளில் வேலை செய்த 2,66,000-க்கு மேற்பட்ட மகளிரைக் கொண்டு, தன்தேர்வைக் கற்பித்துப் பல்லாண்டு ஆராய்ந்தனர். 2002-இல் வெளிவந்த முடிபின்படி இறப்புக் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளே மிகுதியாய் அறுக்கப்பட்டன. இதனைப் படித்தபோது, நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தையற்சாலைகளுக்குக் காலை வண்டியில் நெருக்கியடித்துச் செல்லும் பெண்களை நினைந்தேன். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாட் கூலி போம் என்று கட்டியை அடுத்த திங்களுக்கு ஒத்திவைப்பவர் அவர். அவர்க்குத் திங்கள்தோறும் ஒரு சடங்கைக் கற்பித்து அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நாம் இருத்தல் ஆகாது. தம் உடலின் இயல்பை அறிந்து, மாறுதல் கண்டவுடன் போய்க் காட்ட ஓரிடமும், போக ஒரு பொழுதும் அவர்க்கு வேண்டும்.

மாறுதல் யாவை எனின், வலியில்லாத கடினக் கட்டி, தோல் குழிதல் அல்லது ஆரஞ்சுத் தோல் போலத் தடித்துப் புள்ளியிடல், காம்பு புதிதாய் உள்வாங்கல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் வடிதல், அக்குளில் முடிச்சு. வலியில்லை ஆதலால் தீங்கில்லை என்பதே நம் இல்லங்களில் வழங்கும் பெரும்பிழை. என் தமக்கையாரும் அதனையே சொன்னார். மறுபுறம், தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல என்பதும் உண்மை. ஆகையால் அஞ்சி ஒளித்தற்கும் இடமில்லை, தானே முடிவு கட்டுதற்கும் இடமில்லை.

மருத்துவர் மூன்று வழியால் உறுதி செய்வர். முதலிற் கையால் தேர்வர். அடுத்துப் படம், இளவயதினர்க்கு ஒலியலையால் எடுக்கும் ஸ்கேன், மூத்தோர்க்கு மேமோகிராம், வேண்டின் இரண்டும். மூன்றாவது ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியிற் காண்டல். இம்மூன்றும் ஒத்துவந்தாலன்றி முடிவு சொல்லார். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று நம்மவரிடையே ஒரு வதந்தி உலவுகின்றது. படித்தவர் வாயிலும் யான் அதனைக் கேட்டிருக்கின்றேன். அது பிழை. ஊசி குத்தாமல் காலங்கடத்துவதே நோய் பரவ வழி.

இனி, நம் சங்கத்தார் சினந்தாலும் சொல்லவேண்டியது ஒன்று. இவ்வெளியீட்டின் கடைசிப் பக்கங்களில் வரன் விவரம் அச்சாகின்றது. நாள், கோள், படிப்பு, ஊதியம் யாவும் அங்கு உள. நம்மவர் ஏழு தலைமுறை வமிசாவளி சொல்வர். அத்தலைமுறைகளில் எந்தப் பாட்டி எந்நோயால் இறந்தாள் என்று கேட்டால் "வயிற்று வலி" என்பர், "காற்று" என்பர். 1994-ஆம் ஆண்டிலும் 1995-ஆம் ஆண்டிலும், மரபுவழி வரும் மார்பகப் புற்றுக்குக் காரணமான இரு மரபணுக்களை அறிஞர் கண்டறிந்தனர். இந்நோயுற்றோருள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையிலேயே அது மரபுவழி வருவது, ஏனையோர்க்கு அவ்வாறன்று. ஆகவே, தாய்க்கு வந்தது, மகளை எடுக்கலாகாது என்னும் பேச்சு அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. மரபுவழி வருமிடத்தும் அது தாய்வழி மட்டும் வருவதன்று. தந்தைவழி அத்தையிடமிருந்தும் வரலாம். அங்ஙனமாயின் மணமகன் வீட்டாரும் ஆராயப்படவேண்டியவரே! மறைப்பதால் நோய் குறைவதில்லை. முன்கூட்டித் தேர்வு செய்துகொள்ள வேண்டிய மகள் அறியாமலே இருந்துவிடுவதுதான் மறைப்பின் பயன். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இளவயதில் நோய் வந்திருப்பின், அவ்வயதுக்குப் பத்தாண்டு முன்னரே தேர்வு தொடங்குமாறு மருத்துவர் கூறுவர்.

தேர்வுக்கு எங்கே செல்வது என்று கேட்போர்க்கு விடை அண்மையிலேயே உண்டு. நம் மாநிலத்தில் 2012 முதல் முப்பது வயது கடந்த மகளிர்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசாங்க மருத்துவமனைகளிலும் செவிலியர் மார்பைத் தேர்ந்து வருகின்றனர். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, ஊழியர் வீடு தேடி வரலாயினர். 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வீடுதோறும் அழைப்புச் சீட்டுக் கொடுத்துப் புற்றுநோய்த் தேர்வு நடத்தும் முறை முதலிற் கையாளப்பட்டது. நம் பூவிருந்தவல்லியிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனம் இத்தகைய ஊழியர்க்கு நெடுங்காலமாய்ப் பயிற்சி அளித்து வருவது. அவ்வூர் வழியே செல்லும் பெங்களூர்ப் பெருஞ்சாலையிற் சென்றால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா பெயரால் 1969-இல் எழுந்த அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை உளது. இவையெல்லாம் இருந்தும் நம் பெண்டிருட் பலர் ஒருமுறையும் சென்றிலர். சென்றால் ஆண் மருத்துவர் தொடுவாரோ என்னும் அச்சம் ஒன்று. தேர்வு செய்வோர் பெரும்பாலும் பெண் செவிலியரே என்பதை வீட்டு ஆடவர் எடுத்துச் சொன்னாலே பாதி அச்சம் தீரும்.

என் தமக்கையார் மகள் ஆவடியில் வாழ்கின்றாள். தாய்க்கு நோய் கண்ட வயது நாற்பத்தாறு. அவளுக்கு இவ்வாண்டு முப்பத்தாறு. கணக்குப் பார்த்து யானே அவளிடம் சொன்னேன். மாசித் திங்களில் ஒருநாள் காலை தேர்வுக்குச் சென்றோம். அவளுடன் அவள் மாமியாரும் வந்திருந்தார். செவிலியார் ஒரு தாளை வைத்துக்கொண்டு, குடும்பத்தில் எவர்க்கேனும் இந்நோய் உண்டா என வினவினார். "அம்மாவுக்கு. நாற்பத்தாறு வயதில்" என்று அவள் தெளிவாய்ச் சொன்னாள். அவளை உள்ளே அழைக்கும்வரை வெளியே விசிப்பலகையில் காத்திருந்தோம். சம்பந்தியம்மாள் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் என்பக்கம் திரும்பினார்.

"உங்கள் அக்காவுக்குத் தை மாதமே தெரியுமாமே? இவள் இப்போதுதான் சொன்னாள். அன்றைக்கே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முகூர்த்தத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்திருப்போமே. என் கூடப்பிறந்தவளுக்கும் அது வந்து, அறுத்தெடுத்துப் பிழைத்திருக்கிறாள். நாங்களும்தான் அதை உங்களிடம் சொல்லவில்லை" என்றார்.

யான் விடை கூறவில்லை. எங்கள் இருவர்க்கும் மருமகளாகிய அவள் பெயரை அப்போது உள்ளிருந்து அழைத்தனர்.